விளக்கு வந்தது, ஆடு எங்கே?

குற்றாலத்தில் சாரல் கட்டினால் தென்காசி வட்டாரத்துக்கே கொண்டாட்டம். பேரருவியில் தண்ணீர் விழுகிறதென்று சேதி பரவினால் போதும். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வண்டி வண்டியாக ஜனங்கள் வருகிறார்கள். விடுதிக்காரருக்கு வியாபாரம், பழக்கடைக்காரருக்கு வியாபாரம், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்கும் நாலு காசு.

ஆனால், கூரைமேல் சோலார் தகடு வைத்து அதை நம்பி இரவு விளக்கேற்றும் ஏழை வீட்டுக்கு, இதே சாரல் திண்டாட்டம். பகலெல்லாம் மலைமேல் மேகம் மூடிக் கிடக்கிறது. தகட்டில் வெயில் விழவில்லை. பாட்டரி நிறையவில்லை. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்துக்குள் விளக்கு மங்குகிறது. பிள்ளை புத்தகத்தை மூடுகிறது. பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் தாய் வாசற்படிக்கு நகர்ந்து தெருவிளக்கைத் தேடுகிறாள்.

"மேகம் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?" என்று உத்தியோகஸ்தர் கேட்கிறார். மேகத்தின்மேல் பழி போடுவது சுலபம். மேகத்துக்கு வாயில்லை, மறுத்துப் பேசாது. ஆனால் குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேகம் வரும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த ரகசியமா? இந்த ஊருக்குப் பெயர் வந்ததே அந்த மேகத்தால்தான். அது தெரிந்த பிறகும் விளக்கு அணைகிறதென்றால், தவறு வானத்தில் இல்லை. கணக்குப் போட்டவர்களின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

யாருக்கு இந்த விளக்கு?

2011-ம் ஆண்டில் தமிழக சர்க்கார் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30 ஆயிரம் சூரிய விளக்குக்கு. கூடத்தில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று, வெளித் தாழ்வாரத்தில் ஒன்று என்று 5 விளக்குகள். ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள், ஐந்தாண்டில் 3 லட்சம் வீடுகள் என்று இலக்கு. விரும்புவோர் மீட்டர் வைத்து மின் இணைப்பும் வாங்கிக்கொள்ளலாம் என்று விதி.

2017-ல் நடுவண் சர்க்கார் சௌபாக்கியா திட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பி போகாத எட்டாத் தொலைவு வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் வரை தகடு, பாட்டரி, 5 எல்.இ.டி. விளக்கு, ஒரு விசிறி, ஒரு பிளக்கு. அதோடு 5 ஆண்டுகளுக்குப் பழுது பார்க்கும் பொறுப்பும் உண்டு என்று எழுதினார்கள்.

இந்தத் திட்டங்களை நாம் கேலி செய்யவில்லை. இருட்டில் கிடந்த வீட்டுக்கு ஒரு விளக்கு போனால் அது நல்லதுதான். நமது கேள்வி வேறு. தகடு இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். சாதாரண ஈயப் பாட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு வரைதான் உழைக்கும். அப்படியானால் ஒரு தகட்டின் ஆயுளில் ஐந்தாறு பாட்டரி வேண்டும். முதல் பாட்டரியை சர்க்கார் கொடுத்தது. இரண்டாவது பாட்டரிக்குப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டது? மூன்றாவதை யார் வாங்குவது? 2012-ல் திறந்த வீட்டின் பாட்டரி 2017-ல் உயிரை விட்டால், அந்த வீட்டுக்காரர் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும்?

96 ஆட்டின் கணக்கு

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெளிநாட்டு நிபுணர் யாரும் வர வேண்டாம். நம் கோயில் சுவர்களைப் படித்தாலே போதும்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தார்கள். நந்தா விளக்கு என்றால் இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. விளக்கு வைத்தவர் பித்தளையையும் திரியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று எழுதி வைத்தார்; சில ஊர்களில் 90. அந்த ஆடுகளை இடையர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். கல்வெட்டில் அவரை மன்றாடி என்பார்கள். ஆட்டின் பலனை அவர் அனுபவிக்கலாம். ஆனால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும்.

ஆடு சாகாதா? சாகும். கிழடு தட்டாதா? தட்டும். அதற்கும் விடை எழுதினார்கள். "சாவா மூவாப் பேராடு" என்பது கல்வெட்டின் வாசகம். செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டி வளர்ந்து வரும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள்: எந்த இடையரிடம் எத்தனை கால்நடை, அவருக்குப் பிணை நின்ற உறவினர் யார் யார் என்று பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பதில் ஒரு மயக்கமும் இல்லை.

அந்தக் கால தர்மத்தைப் புகழ்ந்து பாட நாம் இதைச் சொல்லவில்லை. கருவறை விளக்குக்கு 96 ஆடு எழுதிய மன்னன், அந்த நெய்யைச் சுமந்துவந்த மன்றாடியின் குடிசைக்கு ஓர் அகலாவது எழுதினானா? இல்லை. தெய்வத்துக்கு அணையா விளக்கு. உழைத்தவனுக்கு அணைந்த விளக்கு. அந்த அநீதி இருக்கட்டும். ஆனால் கணக்குப் பிள்ளையின் புத்தி நமக்கு வேண்டும். விளக்கு வேறு, வெளிச்சம் வேறு. விளக்கை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். வெளிச்சத்தைத் தினமும் கொடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அவர்களுக்குத் தெரிந்த இந்த உண்மை, இன்று திட்டம் தீட்டுவோருக்கு ஏன் தெரியவில்லை?

சோலார் விளக்கில் ஆடு எது? பாட்டரிதான் ஆடு. அது சாகும், மூப்படையும். பதில் ஆடு எங்கே? மன்றாடி யார்? பிணை நின்றவர் யார்?

பெட்ரோமாக்ஸ் காலத்தில்

பாட்டரிக்கு முன்பும் கம்பியில்லாத வெளிச்சம் இந்த வட்டாரத்தில் இருந்தது. குடிசையில் சிம்னி விளக்கு. மாட்டுத் தொழுவத்துக்கு அரிக்கேன். சந்தைக் கடையில் புகை கக்கும் காடா விளக்கு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ். நமது இயக்கத்தின் பழைய பொதுக்கூட்டங்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தவைதானே!

அந்தப் பெட்ரோமாக்ஸில் ஒரு சரித்திரம் உண்டு. ஆஸ்திரியா தேசத்து ரசாயன விஞ்ஞானி ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் மாண்டிலைக் கண்டுபிடித்தார். சல்லடைத் துணிபோல் இருக்கும் அந்தச் சிறு பைக்குப் பளீரென்ற ஒளியைத் தருவது தோரியம். அந்தத் தோரியம் எங்கே கிடைத்தது? நமது தென்கோடியில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் அதைக் கண்டார். மணல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. மாண்டிலாகத் திரும்பி வந்தது. மணல் நம்முடையது, வாரிய கை நம்முடையது, லாபம் மட்டும் அவர்களுடையது. காலனி ஆட்சியின் கணக்கை ஒரு விளக்குக்குள் பார்த்துவிடலாம்.

ஆனாலும் பெட்ரோமாக்ஸ் நம்பகமாக எரிந்தது. ஏன்? அந்த விளக்கில் பழுதுக்குக் குறைவே இல்லை. வாஷர் தேயும், துளை அடைக்கும், ஒரு பூச்சி மோதினாலே மாண்டில் உதிரும். ஆனால் ஒவ்வொரு கடைத்தெருவிலும் விளக்கு வாடகைக் கடை இருந்தது. அங்கே ஓர் ஆள் இருந்தார். பின் குத்துவார், காற்றடிப்பார், மாண்டில் கட்டுவார். கூட்டம் முடியும்வரை விளக்கடியிலேயே உட்கார்ந்திருப்பார். விளக்கின் நம்பகம் உலோகத்தில் இருக்கவில்லை. அந்தத் தொழிலாளியிடம் இருந்தது.

ஏழை வீட்டின் மண்ணெண்ணெய் விளக்கோ வேறு கதை. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று தரும் வெளிச்சத்துக்குச் சாதாரணத் திரி விளக்குகள் பல பத்து ஏற்ற வேண்டும். புகை நெஞ்சில் படியும். விளக்கு சரிந்தால் ஓலைக் கூரை போகும். அந்த விளக்குக்குத் திரும்பிப் போகச் சொல்ல நாம் தயாரில்லை, போகவும் முடியாது. ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை நடுவண் சர்க்கார் ஆண்டுக்காண்டு வெட்டிக்கொண்டே வந்தது. பழைய விளக்கைப் பறித்துவிட்டுப் புதிய விளக்கைப் பாதியில் கைவிட்டால், உழைப்பாளியின் வீடு எதை ஏற்றுவது?

சாரல் பாட்டரியை எப்படிக் கொல்கிறது?

இதைத் தோழர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கினால்தான் உத்தியோகஸ்தரிடம் வாதாட முடியும்.

ஒன்பது வாட் விளக்கு ஐந்து. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். ஓர் இரவுச் செலவு 180 வாட் மணி. இனி வரவைப் பாருங்கள். 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி பாட்டரி என்றால் அதில் அடங்குவது 480 வாட் மணி. ஆனால் ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது; இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 240. வெயில் இல்லாவிட்டால் ஒரு நாள் தாங்கும், மறுநாள் தள்ளாடும். 75 ஆம்பியர் மணி என்றால் இரண்டரை நாள் தாங்கும். வெயில் கொளுத்தும் சீமைக்குச் சின்னப் பாட்டரி போதும். சாரல் பூமிக்குப் போதாது. மாநிலம் முழுமைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் யாருக்குப் பொருந்தும்?

மேகம் மூடிய வாரங்களில் இன்னொரு கேடும் நடக்கிறது. பாட்டரி அரைவயிற்றோடு நாட்கணக்கில் கிடந்தால், உள்ளே ஈயத் தகட்டின்மேல் சல்பேட் படிந்து இறுகிப்போகும். பிறகு புரட்டாசி வெயில் காய்ந்தாலும் அது முழுதாக நிறையாது. வீட்டுக்காரருக்கு இது தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டரிக்கு வடிநீர் ஊற்ற வேண்டும், தகட்டில் படியும் தூசியையும் பறவை எச்சத்தையும் துடைக்க வேண்டும், வளர்ந்த முருங்கைக் கிளையைக் கழிக்க வேண்டும் என்பதையும் யாரும் வந்து காட்டவில்லையென்றால், குற்றம் அவருடையதா?

இரண்டு வகைப் பிரஜைகளா?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நல்ல ஏற்பாடு, உழைப்பாளி வீட்டுக்கு உதவிதான். ஆண்டுக்கு 600 யூனிட்.

கம்பி போகாத வீட்டுக்கு என்ன? அந்த ஐந்து விளக்கும் ஆண்டு முழுதும் எரிந்தால் செலவு 66 யூனிட்தான். கம்பி உள்ள வீட்டுக்கு சர்க்கார் இலவசமாகத் தருவதில் ஒன்பதில் ஒரு பங்கு! அந்த 66 யூனிட்டுக்கும் அவர் தாமே பாட்டரி வாங்க வேண்டுமாம். குளிர் சாதனப் பெட்டி ஓடும் மாடி வீட்டுக்கும் 100 யூனிட் இனாம் உண்டு. மலையடிக் குடியிருப்பில் ஐந்து பல்பு எரிப்பவருக்கு அந்த இனாம் கிடையாது. இதை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

இந்த வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தென்காசி, கடையம், ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கங்களில் பெண்கள் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வீடுதான் தொழிற்சாலை. பகலில் சமையல், தண்ணீர், பிள்ளை எல்லாம் போக, எண்ணிக்கையை முடிப்பது இரவில்தான். கூலி எண்ணிக்கைக்குத்தான். வெளிச்சம் மங்கினால் கை தடுமாறும், இலை கோணும், மறுநாள் கடையில் கழித்துப் போடுவார்கள். ஆலையில் விளக்கெரிப்பது முதலாளியின் செலவு. வீட்டில் விளக்கெரிப்பது தொழிலாளியின் செலவு. அணைந்த விளக்கு என்றால் வெட்டுப்பட்ட கூலி என்று பொருள்.

கம்பி இழுத்தால் தீர்ந்துவிடுமா?

"அப்படியானால் எல்லோருக்கும் மின்கம்பி இழுத்துவிடலாமே" என்று கேட்கலாம். இழுக்க முடிந்த இடமெல்லாம் இழுக்க வேண்டும். அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. இதே மேற்குமலைச் சரிவில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. இன்று செங்கோட்டைக் கணவாய்க் காற்று சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. விசித்திரத்தைப் பாருங்கள்: எந்த மாதங்களில் மேகம் சோலார் தகட்டை மூடுகிறதோ, அதே மாதங்களில்தான் காற்றாலை வேகமாகச் சுழல்கிறது. பொதுக் கம்பியில் சேர்ந்தால் ஒருவர் குறையை இன்னொருவர் நிறைவு ஈடுகட்டும். தனித்து நிற்கும் தகட்டுக்கு அந்தத் துணை இல்லை. கூட்டுறவின் பலம் மின்சாரத்திலும் அதுதான்.

ஆனால் கம்பியும் எல்லா இடத்துக்கும் போவதில்லை. களக்காடு - முண்டந்துறை 1988-ல் புலிகள் காப்பகமானது. அந்தக் காட்டுக்குள் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி போன்ற உட்காட்டு ஊருக்குக் கம்பம் நடுவதென்றால் காடும் குறுக்கே நிற்கிறது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மின்சாரம் பிறக்கும் மலையில் பிறந்தவர்களுக்குச் சூரிய விளக்கே கதி. ஆகவே அந்த விளக்கு இரண்டாந்தர விளக்காக இருக்கலாகாது.

கம்பியும் அணையும். 2012-ல் சென்னைக்கு வெளியே உள்ள ஜில்லாக்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் இருட்டில் கிடந்ததை யார் மறந்தார்கள்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராக மின்சாரம் போயிற்று, செல்போனும் செத்தது. அந்த இரவுகளில் எரியும் நிலையில் இருந்த ஒவ்வொரு சோலார் விளக்கும் ஓர் உயிர்க்காவல். எரியாத சோலார் விளக்கு வெறும் கண்ணாடி.

செய்து காட்டியவர்கள்

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ராஜஸ்தானின் திலோனியாவைக் காட்டலாம். 1972-ல் தொடங்கிய அந்த நிலையத்தில், பள்ளிக்கூடம் பார்க்காத கிராமத்துப் பாட்டிமார்கள் ஆறு மாதம் பயின்று சோலார் விளக்கு கட்டவும் பழுது பார்க்கவும் கற்கிறார்கள். ஊர்க் குழு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலிக்கிறது. அதில் பழுது பார்ப்பவருக்குச் சம்பளம். மிச்சம் பாட்டரி மாற்றுவதற்கு. 96 ஆடு வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்!

வங்காள தேசத்தில் 2003 முதல் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் தவணை முறையில் சோலார் வைத்தார்கள். தவணை வாங்க மாதாமாதம் வந்த ஊழியரே விளக்கையும் பார்த்துவிட்டுப் போனார். ஆள் வந்தவரை விளக்குக்குக் காவல் இருந்தது. நமது ஊரில் கடனில்லாமல் கொடுத்தார்கள், அது நல்லது. ஆனால் கடன் வசூலிக்க ஆள் வரும்போது, வெளிச்சத்தை விசாரிக்க ஓர் ஆள் வரக்கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்கே வேண்டாத வெளிச்சமும் உண்டு. ஓட்டு வீட்டில் இரண்டு கண்ணாடி ஓடு பதித்தால் பகல் முழுதும் அறையில் ஒளி விழும். பாட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம், பழுதும் இல்லை. நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த இந்த வித்தை, 300 சதுர அடி கான்கிரீட் பெட்டிக்குள் மறந்துபோய்விட்டது. பீடி சுற்றும் பெண் பகல் இரண்டு மணிக்கும் பல்பு போட வேண்டியிருக்கிறதென்றால், வீட்டின் வரைபடத்தில்தான் முதல் இருட்டு. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் முதலான புதிய வீடுகளுக்காவது ஜன்னலின் இடத்தை உழைப்பவரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

நாம் கேட்பது

பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எத்தனை சூரிய விளக்கு வீடுகள், அவற்றில் இன்று எத்தனை எரிகின்றன என்ற பட்டியலைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டு: கம்பி வீட்டுக்கு இலவச யூனிட் தருவதுபோல், கம்பியில்லா வீட்டுக்குப் பாட்டரி மாற்றும் நிதி ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

மூன்று: ஒன்றியத்துக்கு ஒரு சோலார் பழுது நிலையம், அதில் உள்ளூர் இளைஞருக்கும் பெண்களுக்கும் பயிற்சி, நிரந்தரச் சம்பளம்.

நான்கு: சாரல் வட்டாரத்தில் மூன்று நாள் மேகத்தையாவது தாங்கும் அளவில் தகடும் பாட்டரியும் தர வேண்டும்.

ஐந்து: மின் இணைப்புக் கேட்கும் எந்த ஏழை வீட்டுக்கும் "உனக்குத்தான் சோலார் இருக்கிறதே" என்று கதவடைக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றுகூட வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் அல்ல. 2019 நவம்பரில் தனி ஜில்லாவான தென்காசிக்கு, தன் வானிலைக்கு ஏற்பத் தானே திட்டமிடும் உரிமையும் கடமையும் உண்டு.

தோழர்களே! கோரிக்கை மனுவோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் கிளையின் எல்லைக்குள் உள்ள பசுமை வீடுகளுக்கு ஒரு முன்னிரவில் நேரில் செல்லுங்கள். ஐந்து விளக்கில் எத்தனை எரிகிறதென்று எண்ணுங்கள். பாட்டரி எந்த ஆண்டுடையது, கடைசியாக யார் வந்து பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் காகிதத்தோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். திறப்பு விழாவின் புகைப்படம் அவர்களிடம் இருக்கும். எரியாத விளக்கின் எண்ணிக்கை உங்களிடம் இருக்கட்டும். அடுத்த சாரல் வருவதற்குள் அந்த எண்ணிக்கை குறைய வேண்டும்.